அறிவியல் ஆய்வுக்குத் தலைப்பு பிடிப்பது எப்படி? உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு

"நல்ல தலைப்பு ஒன்று சொல்லுங்களேன்" என்று கேட்கிற மாணவர்களுக்கு நான் தலைப்பு சொல்வதில்லை. அடுத்தவர் கொடுத்த தலைப்பு இரண்டாவது வாரத்திலேயே சலித்துவிடும், மூன்றாவது மாதம் அளவு எடுக்கக் கையே வராது. அதனால் உங்கள் தலைப்பை நீங்களே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

படி 1: ஒரு வாரம் கேள்விகளை எழுதுங்கள்

ஒரு சின்ன நோட்டு போதும். "இது ஏன் இப்படி?" என்று தோன்றும் ஒவ்வொன்றையும் அந்த நிமிடமே குறித்துக்கொள்ளுங்கள். அற்பமான கேள்வி என்று எதையும் தள்ளாதீர்கள். 1963இல் இன்றைய தான்சானியாவில் எராஸ்டோ எம்பெம்பா என்ற பள்ளி மாணவர் ஐஸ்கிரீம் செய்யும்போது பால் கலவையை ஆறவிடாமல் சூடாகவே உறைபெட்டியில் வைத்துவிட்டார், அது ஆறவைத்த கலவையைவிட முன்னால் உறைந்தது. ஏன் என்று கேட்டபோது யாரும் நம்பவில்லை. அவர் விடவில்லை. பின்னால் இயற்பியலாளர் டெனிஸ் ஆஸ்போர்னுடன் சேர்ந்து 1969இல் அதை ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார். அந்த விளைவு உண்மையா, எந்தச் சூழலில் நடக்கிறது என்று இன்றும் விவாதம் ஓடுகிறது.

படி 2: சுருக்குங்கள், இன்னும் சுருக்குங்கள்

பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நோட்டில் "பூச்சிகள் ஏன் விளக்கைச் சுற்றுகின்றன?" என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கேள்வி அருமை, ஆனால் ஒரு பள்ளி ஆய்வுக்கு மிகப் பெரியது. அதில் உங்களால் அளக்க முடிந்த பகுதி எது? எத்தனை பூச்சிகள் வருகின்றன என்று எண்ணலாம். சரி, எதை மாற்றிப் பார்ப்பது? விளக்கின் நிறத்தை. எந்த நிறங்கள்? எல்இடி பெட்டியிலேயே 2700 கெல்வின், 6500 கெல்வின் என்று போட்டிருப்பார்கள். முதலாவது மஞ்சள் கலந்த ஒளி, இரண்டாவது நீலம் கலந்த வெள்ளை. இப்போது கேள்வி இப்படி ஆகிறது: "ஒரே அளவு லூமன் (விளக்கு தரும் ஒளியின் அளவு) உள்ள 2700 கெல்வின், 6500 கெல்வின் விளக்குகளை வெள்ளைத் துணியின் முன் 20 நிமிடம் எரியவிட்டால், துணியில் வந்து உட்காரும் பூச்சிகளின் எண்ணிக்கை எவ்வளவு வேறுபடுகிறது?"

இதைப் படிக்கும் யாருக்கும் நீங்கள் நாளை என்ன செய்யப்போகிறீர்கள் என்பது தெரிந்துவிடும். உங்கள் கேள்வி அப்படி ஆகும்வரை சுருக்கிக்கொண்டே இருங்கள். "மாசுபாடு", "செயற்கை நுண்ணறிவு", "புற்றுநோய்" என்பவை எல்லாம் துறைகளின் பெயர்கள், அவற்றில் ஒன்றைத் தலைப்பாக எழுதிவிட்டு உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியாது.

படி 3: மாறுவது ஒன்றுதானா?

நீங்கள் மாற்றுவது ஒன்று, அளப்பது ஒன்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். விளக்கு ஆய்வில் நிலவொளி, மழை, காற்று, நேரம், விளக்கு வைத்த இடம் எல்லாமே எண்ணிக்கையை மாற்றும். எனவே இரண்டு விளக்குகளையும் ஒரே இரவில், அடுத்தடுத்து, இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் ஆய்வில் இப்படிக் குறுக்கே வரக்கூடியவை என்னென்ன என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அதில் பாதியைக்கூடக் கட்டுப்படுத்த முடியாது என்றால் கேள்வியை மாற்றிவிடுவது நல்லது.

படி 4: முன்பு யார் என்ன செய்தார்கள்?

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் தளத்தில் தேடுங்கள். குறைந்த அலைநீள ஒளி, குறிப்பாகப் புறஊதா, பல பூச்சிகளை அதிகம் ஈர்க்கிறது என்று ஏற்கெனவே தெரியும். உடனே "போச்சு, எல்லாம் செய்துவிட்டார்கள்" என்று மூடிவைக்க வேண்டாம். உங்கள் பருவத்தில், உங்கள் சுற்றுப்புறத்தில் உள்ள பூச்சி வகைகளில் அது எப்படி என்று பார்க்க இடம் இருக்கிறது. முன்பு செய்தவர்கள் எப்படி எண்ணினார்கள் என்பதையும் அங்கேயே கற்றுக்கொள்ளலாம்.

கருவிகளே இல்லையா? கணினி மட்டும் இருந்தாலும் ஆய்வு செய்யலாம். 2009இல் ஏவப்பட்ட கெப்ளர் விண்தொலைநோக்கி அளந்த நட்சத்திர ஒளி அளவுகளை நாசா எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது.

படி 5: அனுமதி, பாதுகாப்பு, நாட்கள்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஐசெஃப் என்ற சர்வதேச மாணவர் அறிவியல் போட்டியில், வீட்டில் நுண்ணுயிரிகளை வளர்க்க அனுமதி இல்லை. மனிதர்களையோ முதுகெலும்புள்ள விலங்குகளையோ வைத்துச் செய்யும் பல ஆய்வுகளுக்குத் தொடங்கும் முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும். வகுப்புத் தோழர்களிடம் கேள்வித்தாள் கொடுப்பதும் மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுதான். அளவு எடுத்து முடித்தபிறகு அனுமதி கேட்டால் உழைப்பு வீணாகிவிடும், பாவம்.

படி 6: மூன்று நாள் ஒத்திகை

தலைப்பை உறுதி செய்யும் முன் சிறிய அளவில் செய்து பாருங்கள், என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். முதல் இரவிலேயே பல விஷயம் புரியும்: கடுகளவு பூச்சிகளை எண்ணவே முடியாது, எண்ணுவதற்குள் சில பறந்துவிடும். அப்புறம் துணியைப் புகைப்படம் எடுத்து எண்ணலாம் என்று தோன்றும். சில சமயம் விளக்குகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிட, ஒரு இரவுக்கும் மறு இரவுக்கும் உள்ள வேறுபாடு பெரிதாக இருக்கும். அப்படியானால் இன்னும் பல இரவுகள் அளக்க வேண்டும், அத்தனை நாட்கள் உங்களிடம் இருக்கிறதா என்று கணக்குப் போடுங்கள்.

ஒத்திகையும் ஒத்துவந்தால், கேள்வி, மாற்றுவது, அளப்பது, எத்தனை முறை, எந்தத் தேதிக்குள் என்று ஐந்து வரி எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள். "இரண்டு விளக்குக்கும் வேறுபாடே இல்லை என்று வந்தால் என்ன செய்வாய்?" என்று அவர் கேட்கக்கூடும். அதுவும் ஒரு முடிவுதான், அப்படியே எழுதுவேன் என்று சொல்லுங்கள்.