பினாங்கில் பசியாறுவது எப்படி

பினாங்குத் தமிழர்கள் காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறிட்டீங்களா?" என்றுதான் கேட்பார்கள். என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போய், பன்னிரண்டு வருஷம் அங்கே வேலை பார்த்துத் திரும்பியவர். அவரால் எங்கள் வீட்டிலும் இட்லி தோசைக்குப் பெயர் 'பசியாறல்'தான். போன வருஷம் நானும் மனைவியும் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் ஐந்து நாள் தங்கினோம். போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் வயிற்றைக் கணக்குப் பண்ணுங்கள். ஆளுக்கு ஒரு தட்டு வாங்கினால் இரண்டு கடையோடு நாள் முடிந்துவிடும். இருவருக்கு ஒரு தட்டு போதும். 'கெச்சில்' என்று சொன்னால் சின்னத் தட்டாகத் தருவார்கள். நூடுல்ஸ் வகைகள் எங்களுக்குத் தட்டு ஏழு முதல் பத்து வெள்ளி ஆனது (ரிங்கிட்டை அங்கே தமிழில் வெள்ளி என்றே சொல்கிறார்கள்).

சீனக் கோப்பிக்கடையில் உட்கார்ந்தால் குடிக்க ஏதாவது சொல்லியாக வேண்டும். கோப்பி போடுபவர்தான் கடைக்காரர். நூடுல்ஸ் வண்டிக்காரர்கள் அவரிடம் இடம் வாடகைக்கு எடுத்தவர்கள். பாலில்லாத கோப்பிக்கு 'கோப்பி ஓ', சர்க்கரையும் வேண்டாமென்றால் 'கோப்பி ஓ கோசோங்'. எந்த வண்டிக்கு என்றைக்கு விடுமுறை என்பதையும் கோப்பிக்காரரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

காலையில் ரொட்டி பங்காளி சாப்பிடுங்கள். பலகையில் 'ரொட்டி பெங்காலி' என்று இருக்கும். ஆனால் வங்காளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தமிழ் முஸ்லிம் பேக்கரி ஒன்று தொழிலாளிகளையும் பங்குதாரர்களாகச் சேர்த்துக்கொண்டதால் 'பங்காளி ரொட்டி' ஆகி, அது திரிந்து இப்படி ஆனது என்று ஊரில் சொல்கிறார்கள். மேல் தோல் முறுகலாக, உள்ளே அழுத்தமாக இருக்கும். டிரான்ஸ்ஃபர் சாலைப் பக்கம் அதைச் சுட்டு, வெண்ணெயும் காயாவும் தடவி, அரைவேக்காட்டு முட்டையோடு தருகிறார்கள். காயா என்பது தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டியது. முட்டை சாப்பிடாதவர்கள் புட்டு மாயம் தேடுங்கள். பெயரைப் பார்த்துப் புட்டு என்று நினைக்காதீர்கள், நம் இடியாப்பம்தான். தேங்காய்ப்பூவும் நாட்டுச்சர்க்கரையும் தூவித் தருவார்கள்.

மதியத்துக்கு அசாம் லக்சா. மீன்குழம்பு ஊரிலிருந்து போன எனக்கு ஐந்து நாளில் பிடித்ததெல்லாம் இதற்குப் பிறகுதான். மீனை வேகவைத்து உதிர்த்து, புளியும், குடம்புளி இனத்தைச் சேர்ந்த அசாம் கெப்பிங்கும் போட்டுக் கொதிக்கவிடுகிறார்கள். காட்டு இஞ்சிப்பூவின் வாசனை தனியாக மேலே நிற்கும். அதில் தடித்த அரிசி நூடுல்ஸ், வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா. கூடவே ஒரு கரண்டியில் கறுப்பாக, தேன் பதத்தில் இறால் விழுது வரும். அதை உடனே கலக்காதீர்கள். முதலில் சாற்றை மட்டும் இரண்டு வாய் குடியுங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள். ஒரே கிண்ணத்தில் இரண்டு ருசி கிடைக்கும்.

வெயில் ஏறியதும் செண்டோல். பனிச்சீவல், தேங்காய்ப்பால், பனைவெல்லம், பச்சை நிறத்தில் புழுப்போல நீளநீளமான அரிசிமாவுத் துண்டுகள். சைவர்கள் தயங்காமல் சாப்பிடலாம்.

இரவுக்குச் சார் கோய்த்தியாவ். பட்டை அரிசி நூடுல்ஸை இறால், சிப்பி, முட்டை, முளைகட்டிய பயறோடு பெருந்தீயில் வறுப்பது. ஒவ்வொரு தட்டாகத் தனித்தனியே வறுக்கிறவரிடம் காத்திருந்து வாங்குங்கள். நான்கு தட்டுக்கு ஒன்றாகப் போட்டுக் கிளறினால் நூடுல்ஸ் வெந்து குழையும், தீயின் மணம் ஏறாது. சீன வண்டிகளில் பன்றிக்கொழுப்பும் பன்றி இறைச்சியும் சேர்வது வழக்கம். வேண்டாதவர்கள் தமிழ் முஸ்லிம்களின் 'மாமாக்' கடையில் மீ கோரிங் கேளுங்கள். மஞ்சள் நூடுல்ஸில் உருளைக்கிழங்கும், தவு என்ற சோயாக் கட்டியும், கணவாய் சேர்த்த சம்பல் என்ற மிளகாய் விழுதும் போட்டுப் பிரட்டி, ஓரத்தில் எலுமிச்சை வைப்பார்கள். போடுகிறவரிடம் பெரும்பாலும் தமிழிலேயே உறைப்பு குறைக்கச் சொல்லலாம்.

சுத்த சைவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது, பிளாச்சான் என்ற இறால் விழுது பல சம்பல்களில் இருக்கும். பெயர் சொல்லிக் கேளுங்கள்.

தவ் சார் பியா பிஸ்கட்டைக் கடைசி நாளில் வாங்குங்கள். பாசிப்பருப்புப் பூரணத்தில் வறுத்த சின்ன வெங்காயம் கலந்து, இனிப்பும் உப்புமாக இருக்கும். கீ ஹியாங் என்ற கடை 1856 முதல் நடக்கிறது. எந்தக் கடையானாலும் பன்றிக்கொழுப்பா, தாவர எண்ணெயா என்று கேட்டே வாங்குங்கள். மேல் தோல் ஏடு ஏடாக உதிரும், ஆகவே பெட்டியைச் சாமான்களோடு போடாமல் கையிலேயே கொண்டுவாருங்கள்.