மழைத்துளியை வைத்து மெக்கானிக்ஸ் படிக்கலாம்

பிளஸ் டூவில் மனப்பாடம் செய்த மூன்று இயக்கச் சமன்பாடுகளை அப்படியே கல்லூரிக்கும் தூக்கிக்கொண்டு வருவதால்தான், பி.எஸ்சி. பிசிக்ஸ் முதலாண்டில் பலர் மெக்கானிக்ஸில் திணறுகிறார்கள் என்று நினைக்கிறேன். முடுக்கம் மாறாமல் இருந்தால் மட்டுமே அவை செல்லும். கல்லூரிக் கணக்கில் முடுக்கம் மாறிக்கொண்டே இருக்கும், அதற்குத்தான் கால்குலஸ், அதாவது மாறிக்கொண்டே இருக்கும் அளவுகளைக் கையாளும் கணிதம்.

மழையையே எடுத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற கன்னியாகுமரி மாவட்டத்தில் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு துளி 2 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது என்று வைத்துப் பழைய சூத்திரத்தில் போட்டால் தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 198 மீட்டர் வரும், அதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் மேல். அந்த வேகத்தில் பெய்தால் தோட்டத்தில் ஒரு வாழையிலை மிஞ்சுமா? நிஜத்தில் பெரிய துளிகூட நொடிக்கு 9 மீட்டர் வாக்கில்தான் விழுகிறது. சூத்திரம் காற்றை மறந்துவிட்டது.

சரி, எப்படிப் போடுவது? முதலில் படம். துளிக்கு ஒரு புள்ளி வையுங்கள், கீழ்நோக்கி எடை, மேல்நோக்கிக் காற்றின் தடை, எந்தத் திசை பிளஸ் என்று ஓரத்தில் ஓர் அம்புக்குறி. இந்தப் படத்தைப் போடாமல் சமன்பாட்டுக்குத் தாவாதீர்கள் மக்களே, பாதி மதிப்பெண் போவது இங்கேதான். அப்புறம் நியூட்டனின் இரண்டாம் விதி: தடை வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதாகக் கொண்டால், முடுக்கம், அதாவது டிவி பை டிடி (dv/dt, வேகம் நேரத்தோடு மாறும் வீதம்), புவியீர்ப்பு முடுக்கமான 9.8-இலிருந்து வேகத்தின் 1.4 மடங்கைக் கழித்தால் வருவது. (இறுதி வேகம், அதாவது தடை எடைக்குச் சமமானதும் மேலும் கூடாமல் நிற்கும் வேகம், நொடிக்கு 7 மீட்டர் வரும்படி அந்த 1.4-ஐ எடுத்திருக்கிறேன்.)

உடனே தொகையிட (இன்டகிரேட் செய்ய) ஓடாமல் நோட்டில் ஓர் அட்டவணை போடுங்கள். தொடக்கத்தில் வேகம் 0, முடுக்கம் 9.8, எனவே 0.1 நொடி கழித்து வேகம் 0.98. இப்போது முடுக்கம் 8.43 ஆகக் குறைந்துவிட்டது, அடுத்த 0.1 நொடியில் வேகம் 1.82, அதற்கடுத்து 2.55. வேகம் கூடக் கூட முடுக்கம் தேய்வது கைக்கே தெரியும். இனி மாறிகளைப் பிரித்து, வேகத்தை ஒரு பக்கமும் நேரத்தை மறுபக்கமும் வைத்து, எல்லைகளோடு தொகையிடுங்கள். 0.3 நொடிக்குச் சரியான விடை 2.40. அட்டவணையில் இடைவெளியை 0.05 ஆக்கினால் 2.47 வரும், இன்னும் குறைத்தால் இன்னும் நெருங்கும். தொகையிடல் என்றால் என்ன என்பது இந்த ஒரு கணக்கில் பிடிபட்டுவிடும், எனக்கு அப்படித்தான் பிடிபட்டது.

கணித வகுப்பு இந்த இடத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம், இவற்றை நீங்களே முன்கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்: அடுக்கு, சைன், கொசைன், அடுக்குக்குறிச் சார்பு இவற்றின் வகையீடும் தொகையீடும், மாறிகளைப் பிரிப்பது, முடுக்கத்தை வேகம் பெருக்கல் டிவி பை டிஎக்ஸ் (dv/dx, x என்பது தூரம்) என்று எழுதும் சங்கிலி விதி. முதல் செமஸ்டரில் பெரும்பாலும் இவ்வளவு போதும்.

நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறும் நாளில் தொகையிடலை இன்னொரு விதமாகவும் செய்து பார்க்கலாம். ஜன்னலோர சீட் கிடைத்தால் போனில் வேகம் காட்டும் ஆப்பைத் திறந்து 30 நொடிக்கு ஒருமுறை வேகத்தைக் குறித்துக்கொண்டே வாருங்கள். வீட்டுக்குப் போய் ஒவ்வொன்றையும் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்றி, 30-ஆல் பெருக்கிக் கூட்டி, மேப் காட்டும் தூரத்தோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து மறுபடியும் துளிக்கு வாருங்கள். மழைத்துளிக்குத் தடை உண்மையில் வேகத்தின் வர்க்கத்தை ஒட்டியே கூடுகிறது. 1.4 மடங்கு வேகத்துக்குப் பதில் 0.2 மடங்கு வேகத்தின் வர்க்கம் என்று எழுதி, அதே அட்டவணையை முதலிலிருந்து போடுங்கள். இறுதி வேகம் அதே 7 தான், ஆனால் அங்கே போய்ச் சேரும் விதம் வேறு.