செல் லைன் கேட்டு வந்தால் முதலில் பட்டியலைப் பாருங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவில் ஒப்பந்தங்கள் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. வேறொரு பல்கலைக்கழக ஆய்வகம் செல் லைனோ (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்கள்) பிளாஸ்மிடோ (வட்ட வடிவ டிஎன்ஏ துண்டு) கேட்டால், உடனே புது ஒப்பந்தம் எழுத உட்காராதீர்கள். உயிரியல் பொருட்களைப் பரிமாறிக்கொள்வதற்கான ‘யூபிஎம்டிஏ’ பொது ஒப்பந்தத்தில் இரு தரப்பும் ஏற்கெனவே கையெழுத்திட்டிருக்கிறார்களா என்று, பல்கலைக்கழகத் தொழில்நுட்பப் பரிமாற்ற மேலாளர்களின் சங்கமான ஏயூடிஎம் அமைப்பின் பட்டியலில் பாருங்கள். இரண்டு பெயரும் இருந்தால் ஒரு சின்ன அமலாக்கக் கடிதமே போதும்.

தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச் 1995இல் வெளியிட்ட ஒப்பந்தம் இது. பொருள் யாருக்குச் சொந்தம், பெறுபவர் அதை மாற்றி உருவாக்கியது யாருக்கு, சேதம் வந்தால் யார் பொறுப்பு என்று வழக்கமாக வாரக்கணக்கில் இழுபடும் விஷயங்களை இரு தரப்பும் முன்பே ஒத்துக்கொண்டாயிற்று. கடிதத்தில் பொருள், தருபவர், பெறுபவர் விவரம். விரும்பினால் அனுப்பும் செலவு. அவ்வளவுதான்.

பெறுபவர் லாப நோக்குள்ள நிறுவனமென்றால் இது செல்லாது. பொருளை மனிதர்களிடம் பயன்படுத்தவும் கூடாது. ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றாலும் தனி ஒப்பந்தம்தான். அப்புறம், அந்தப் பொருள் உங்கள் ஆய்வாளருக்கே வேறெங்கிருந்தாவது நிபந்தனையோடு வந்ததா என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.