ஒரு மெயில் வந்தா சைட் தானா டிப்ளாய் ஆகணும்: என்8என் வச்சு செட் பண்ண கதை

நான் பாத்துக்கற ஒரு சைட்டுக்கு கன்டென்ட் எழுதறவங்களுக்கு கிட்னா (கோடைச் சேமிச்சுப் பாத்துக்கற டூல்) என்னன்னு தெரியாது, தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமும் இல்ல. ஷீட்ல மாத்த வேண்டியதை மாத்திட்டு "முடிச்சிட்டேன், ஏத்திடுங்க"ன்னு எனக்கு மெயில் போடுவாங்க. அது ஸ்டாட்டிக் சைட், அதாவது பக்கங்களை முன்னாடியே தயார் பண்ணி வச்சிருக்கும், மறுபடி பில்ட் (பக்கங்களைத் திரும்ப உருவாக்கறது) ஓடி டிப்ளாய் ஆனாத்தான் (சைட்ல ஏறினாத்தான்) மாத்தினது வெளிய தெரியும், அதனால நான் லேப்டாப்பைத் திறந்து ஒரே ஒரு பட்டனை அமுக்கணும். நான் வெளிய இருந்தா அவங்க அன்னிக்கு பூரா காத்துக்கிட்டு இருக்கணும். மெயில் வருது, பட்டன் அமுக்கணும், இதுக்கு நடுவுல நான் எதுக்குன்னு தோணுச்சு, அதுதான் ஆரம்பம். கோட் ஒரு வரி கூட எழுதல.

வழி இதுதான்: மெயில் வரும், ஜிமெயில் அதுக்கு லேபில் ஒட்டும், என்8என் (வேலைகளைத் தானா செய்ய வைக்கற டூல்) அதைப் பாத்து நெட்லிஃபையை (சைட்டை ஹோஸ்ட் பண்ற சர்வீஸ்) தட்டும், பில்ட் முடிஞ்சதும் திரும்ப ஒரு மெயில் போகும். சைட் ஏற்கனவே கிட் ரெப்போவோட (கோட் இருக்கற இடம்) கனெக்ட் ஆகியிருக்கு, என்8என் ஒரு சர்வர்ல ஓடுதுன்னு வச்சுக்கிட்டு சொல்றேன்.

ஏன் என்8என்னுன்னா, இதே மாதிரி ஸேப்பியர்ங்கற சர்வீஸ்ல ஒவ்வொரு டாஸ்க்கும் கட்டணக் கணக்கு, மேக்ங்கற இன்னொரு சர்வீஸ்ல மெயில் வந்திருக்கான்னு எட்டிப் பாக்கறதுக்கே கணக்கு ஏறும். என்8என்ல வொர்க்ஃப்ளோ (வரிசையா கோத்த வேலைகள்) முழுசா ஒரு தடவை ஓடினா ஒண்ணு, சொந்த சர்வர்ல போட்டா அந்தக் கணக்கும் கிடையாது. நாள் முழுக்க இன்பாக்ஸைப் பாத்துக்கிட்டே இருக்கற வேலைக்கு எனக்கு இதுதான் சரிப்பட்டுச்சு.

படி 1: பில்ட் ஹூக்

நெட்லிஃபைல ப்ராஜெக்ட் கான்ஃபிகரேஷன் போய் பில்ட் அண்ட் டிப்ளாய் பகுதியில பில்ட் ஹூக்ஸ் தேடுங்க. ஒரு பேரு, எந்த பிராஞ்ச் (கோடோட எந்தக் கிளை), அவ்வளவுதான், ஒரு யூஆர்எல் குடுக்கும். அதுக்கு போஸ்ட் ரிக்வெஸ்ட் (தகவலை அனுப்பற வகை) போனா பில்ட் கிளம்பும். பிரவுசர்ல ஒட்டிப் பாத்துட்டு வேலை செய்யலன்னு நினைக்காதீங்க, பிரவுசர் அனுப்பறது கெட் (பக்கத்தைக் கேக்கற வகை). வெர்சல், ரெண்டர்னு நெட்லிஃபை மாதிரியே இருக்கற ரெண்டு சர்வீஸ்லயும் இதே சமாசாரத்துக்கு டிப்ளாய் ஹூக்னு பேரு, அங்க கெட் அனுப்பினாலும் ஏத்துக்கும். அதனால அந்த லிங்க்கை சாட்ல ஒட்டவே ஒட்டாதீங்க, பிரிவ்யூ காட்டறதுக்காக அந்த ஆப் லிங்க்கைத் தொட்டாலே டிப்ளாய் கிளம்பிடலாம். எதுல இருந்தாலும் இந்த யூஆர்எல் பாஸ்வேர்டு மாதிரிதான், தெரிஞ்சவங்க யார் வேணா பில்ட் ஓட்டலாம்.

படி 2: லேபில்

நிறைய பேர் சப்ஜெக்ட்ல ஒரு வார்த்தையைத் தேடற மாதிரி செட் பண்றாங்க, எனக்கு அது பிடிக்காது. எழுதறவங்க ஒரு நாள் "ஏத்துங்க"ம்பாங்க, இன்னொரு நாள் சப்ஜெக்டே இல்லாம அனுப்புவாங்க. அதுக்குப் பதிலா உங்க ஜிமெயில் ஐடிக்குப் பின்னால ஒரு பிளஸ் போட்டு யாரும் ஊகிக்க முடியாத ஒரு சொல்லைச் சேர்த்து அந்த அட்ரஸை அவங்ககிட்ட குடுங்க, அதுக்கு வர்ற மெயிலும் உங்க இன்பாக்ஸுக்கேதான் வரும். அப்புறம் ஜிமெயில் ஃபில்டர்ல, இந்த அட்ரஸுக்கு வந்திருக்கணும், இன்னார்கிட்டேர்ந்து வந்திருக்கணும், ரெண்டும் சரின்னா "ஏத்து"ன்னு லேபில் ஒட்டு. அனுப்பினவர் பேரை மட்டும் நம்பாதீங்க, அதைப் போலியா போடறது ரொம்ப சுலபம். ஸ்பாமுக்கு அனுப்பாதேங்கற டிக்கையும் போட்டுடுங்க.

படி 3: கூகுள் பர்மிஷன்

இங்கதான் எனக்கு ரெண்டு வாரம் போச்சு, அதனால பொறுமையா படிங்க. என்8என் கிளவுட்ல இருக்கறவங்களுக்கு கூகுள்ல சைன் இன் பண்ற பட்டனே இருக்கும், நீங்க அடுத்த படிக்குப் போகலாம்.

சொந்த சர்வர்னா கூகுள் கிளவுட் கன்சோல்ல ஒரு ப்ராஜெக்ட், அதுல ஜிமெயில் ஏபிஐயை (வேற ப்ரோக்ராம் ஜிமெயிலோட பேசற வழி) ஆன் பண்ணணும், கன்சென்ட் ஸ்க்ரீனை (அனுமதி கேக்கற பக்கம்) ஃபில் பண்ணணும், வெப் அப்ளிகேஷன் வகையில ஒரு ஓஆத் கிளையன்ட் (அனுமதி கேக்கறது யாருன்னு கூகுளுக்குச் சொல்ற அடையாளம்) உருவாக்கணும், என்8என் காட்டற ரீடைரக்ட் யூஆர்எல்லை (அனுமதி குடுத்ததும் கூகுள் திருப்பி அனுப்பற முகவரி) எழுத்து மாறாம அதுல ஒட்டணும். பண்ணேன், கனெக்ட் ஆச்சு, மெயில் போட்டேன், சைட் மாறுச்சு. சந்தோஷமா அவங்ககிட்ட அட்ரஸைக் குடுத்துட்டேன்.

ஒரு வாரம் கழிச்சு "காலையிலயே அனுப்பினேனே, இன்னும் மாறலையே"ன்னு ஃபோன். ஹூக்கைக் கையால தட்டினா பில்ட் ஓடுது. லேபில் சரியா ஒட்டியிருக்கு. என்8என் உள்ள போய்ப் பாத்தா ஜிமெயில் நோடுல (நோடுன்னா வொர்க்ஃப்ளோல ஒரு கட்டம்) சிவப்பா இன்வாலிட் கிராண்ட்னு (குடுத்த அனுமதி செல்லாது) எரர். மறுபடி கனெக்ட் குடுத்தேன், சரியாச்சு, ஏதோ தற்செயல்னு விட்டுட்டேன். அடுத்த வாரமும் அதே கிழமை அதே எரர் வந்தப்பதான் இதுல ஏதோ கணக்கு இருக்குன்னு உறைச்சுச்சு.

கணக்கு இதுதான். கன்சென்ட் ஸ்க்ரீன்ல யூசர் வகை எக்ஸ்டர்னல்னு இருந்து பப்ளிஷிங் ஸ்டேட்டஸ் டெஸ்டிங்லயே இருந்தா, கூகுள் குடுக்கற ரெஃப்ரெஷ் டோக்கனுக்கு ஆயுசு 7 நாள்தான். அந்த டோக்கனை வச்சுத்தான் என்8என் நம்ம இல்லாதப்பவும் உள்ள போகுது, அது செத்தா கதவு மூடிடும். கூகுள் இதை எழுதியே வச்சிருக்கு, நான்தான் டெஸ்டிங்கை மாத்தாம விட்டிருந்தேன்.

ஸ்டேட்டஸை புரொடக்‌ஷனுக்கு மாத்துங்க. மாத்தினதோட நிறுத்தாம என்8என்ல மறுபடி ஒரு தடவை கனெக்ட் பண்ணுங்க, ஏன்னா பழைய டோக்கன் பழைய கெடுவோடதான் இருக்கும். அப்போ இந்த ஆப்பை கூகுள் சரிபாக்கலன்னு ஒரு எச்சரிக்கை வரும். அது நீங்களே உருவாக்கின ஆப், உங்க மெயிலுக்கு மட்டும்தான், அதனால அட்வான்ஸ்டுக்குள்ள போய் தொடரலாம். வொர்க்ஸ்பேஸ் (நிறுவனங்களுக்கான கூகுள்) அக்கவுன்ட் இருந்தா இன்டர்னல்னு வச்சுக்கோங்க, இந்த 7 நாள் பிரச்சனையே கிடையாது.

படி 4: கோக்கறது

ஜிமெயில் ட்ரிகர் (மெயில் வந்தா வொர்க்ஃப்ளோவைக் கிளப்பற நோடு), அதுல "ஏத்து" லேபில், படிக்காத மெயில் மட்டும், 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை. அடுத்து மெயிலைப் படிச்சதா மார்க் பண்ற நோடு. அடுத்து ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட் நோடு, மெத்தட் போஸ்ட், படி 1ல கிடைச்ச யூஆர்எல். இந்த நோடோட செட்டிங்ஸ்ல எக்ஸிக்யூட் ஒன்ஸை ஆன் பண்ணிடுங்க, இல்லன்னா ஒரே நேரத்துல 3 மெயில் வந்திருந்தா 3 பில்ட் ஓடும். அங்கயே ரீட்ரையையும் (தோத்தா மறுபடி முயற்சி பண்றது) ஆன் பண்ணுங்க. யூஆர்எல் கடைசியில ட்ரிகர் டைட்டில் பாராமீட்டர் சேர்த்து "மெயில்ல வந்தது"ன்னு போட்டா டிப்ளாய் லிஸ்ட்ல அது தெரியும், எதுனால கிளம்புச்சுன்னு பின்னால தேட வேண்டாம்.

படி 5: பதில் மெயில்

இதை தனி வொர்க்ஃப்ளோவா போடுங்க. வெப்ஹுக் நோடு (வெளிய இருந்து தகவல் வாங்கறதுக்கு யூஆர்எல் குடுக்கறது) ஒண்ணு வச்சு அதோட யூஆர்எல்லை நெட்லிஃபையோட டிப்ளாய் நோட்டிஃபிகேஷன்ல ஹெச்டிடிபி போஸ்ட்டா ரெண்டு தடவை சேர்க்கணும், சக்சஸுக்கு ஒண்ணு, ஃபெயிலுக்கு ஒண்ணு. அந்த நோடு ரெண்டு யூஆர்எல் காட்டும். டெஸ்ட் யூஆர்எல் நீங்க பட்டனை அமுக்கிக் காத்திருக்கற கொஞ்ச நேரம்தான் கேக்கும், நெட்லிஃபைல புரொடக்‌ஷன் யூஆர்எல்லைத்தான் போடணும், அதுவும் வொர்க்ஃப்ளோவை லைவ் பண்ணினாத்தான் வேலை செய்யும். வர்ற தகவல்ல ஸ்டேட் ரெடின்னு இருந்தா "ஏத்தியாச்சு", எரர்னு இருந்தா அந்த எரர் மெசேஜோட எனக்கு மட்டும். பில்ட் எரரை எழுதறவங்களுக்கு அனுப்பாதீங்க, பாவம் பயந்துடுவாங்க.

பதில் மெயில் எந்தக் காரணத்துக்கும் அந்த பிளஸ் அட்ரஸுக்குப் போகக்கூடாது. நான் முதல்ல அனுப்பினவர் யாருன்னு ஃபில்டர்ல பாக்கல, சோதிக்கறதுக்காக பதிலையும் அதே அட்ரஸுக்கு விட்டேன். பதில் மெயில் வந்து லேபில் வாங்கி அடுத்த பில்டைக் கிளப்பி, அது இன்னொரு பதிலை அனுப்பி, நான் கவனிக்கறதுக்குள்ள 4 பில்ட் ஓடிடுச்சு.

அப்டேட்: இதைப் பாத்துச் செஞ்ச ஒருத்தருக்கு ரீடைரக்ட் யூஆர்எல் லோக்கல்ஹோஸ்ட் 5678ன்னே காட்டுச்சாம், கூகுள் மிஸ்மேட்ச்னு திருப்பி அனுப்பிடுச்சு. ரிவர்ஸ் ப்ராக்ஸிக்கு (வெளிய இருந்து வர்றதை வாங்கி உள்ள அனுப்பற சர்வர்) பின்னால என்8என் ஓடினா இப்படி ஆகும். வெப்ஹுக் யூஆர்எல்ங்கற என்விரான்மென்ட் வேரியபிள்ல (சர்வர்ல வைக்கற செட்டிங்) உங்க டொமைனைப் போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க.

இன்னொருத்தர் பதில் மெயிலுக்கு எஸ்எம்டிபி (மெயில் சர்வர் வழியா அனுப்பற முறை) நோடு வச்சிருக்கார், மெயில் போகாம அப்படியே தொங்குது. கிளவுட் சர்வர் நிறையத்துல 25ஆம் போர்ட் மூடியிருக்கும், சில இடத்துல 465, 587 கூட. ஜிமெயில் நோடு ஏபிஐ வழியா போறதால அதுக்கு இந்தத் தொல்லை இல்ல, அதையே வச்சுக்கோங்க.

அப்டேட் 2: "ஏத்தியாச்சுன்னு மெயில் வருது, சைட் பழசாவே இருக்கு"ன்னு கேட்டவங்க நெட்லிஃபைல டிப்ளாய்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்க, ஆட்டோ பப்ளிஷிங் லாக் ஆகியிருந்தா பில்ட் ஓடும், ஆனா வெளிய வராது. லாக்கை எடுத்துட்டு புது டிப்ளாயை பப்ளிஷ் பண்ணுங்க.