ஜாவாவில் எந்த கிளாஸ் எதற்கு?

மளிகைக்கடைக்கு பில் மென்பொருள் எழுதியபோதுதான் ஜாவா நிரல்மொழியின் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ், இன்டர்ஃபேஸ், ரெக்கார்ட் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு உறைத்தது. ரொக்கம், கார்டு, யுபிஐ மூன்றுக்கும் ரசீது எண், தொகை, நேரம் பொது. கிளாஸ் என்பது ஆப்ஜெக்ட்களை வார்க்கும் அச்சு. பொதுவானவற்றை 'கட்டணம்' என்ற அப்ஸ்ட்ராக்ட் கிளாஸில், அதாவது மூன்றுக்கும் தாயான கிளாஸில், வைத்தேன். அதற்கு நேரடியாக ஆப்ஜெக்ட் உருவாக்க முடியாது, நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே தடுத்துவிடும். வெறும் 'கட்டணம்' என்று கல்லாவில் எதுவும் விழாதே, சரிதான்.

அப்புறம் வங்கி வழி ரீஃபண்ட் வந்தது. ரொக்கத்துக்கு அது கிடையாது. ஆனாலும் தாய் கிளாஸிலேயே திணித்து, ரொக்கத்தில் எதுவும் செய்யாத வெற்று மெத்தட் (செயல்பாடு) எழுதினேன். ஒருநாள் ரொக்க பில்லுக்கு ரீஃபண்டை அழுத்தி, கையில் பணத்தையும் கொடுத்துவிட்டார்கள். பிழைச்செய்தி வரவில்லை, இரவு கணக்கு இடித்தது.

நீங்கள் அதை இன்டர்ஃபேஸாக, அதாவது 'இந்த மெத்தட் என்னிடம் உண்டு' என்று ஒரு கிளாஸ் தரும் வாக்குறுதியாக எழுதி, கார்டுக்கும் யுபிஐக்கும் மட்டும் கொடுங்கள். ரொக்கத்தில் அந்த மெத்தடே இருக்காது. தப்பாக அழைத்தால் கம்பைல் ஆகாது. ஒரு கிளாஸுக்குத் தாய் ஒன்றுதான், இன்டர்ஃபேஸ்கள் எத்தனையும் இருக்கலாம். ஜாவா 8 முதல் இன்டர்ஃபேஸில் டிஃபால்ட் மெத்தடும், அதாவது செய்முறையும் சேர்ந்த மெத்தடும் எழுதலாம். ஆனால் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் உரிய தரவை அதில் வைக்க முடியாது. ரசீது எண்ணை அப்ஸ்ட்ராக்ட் கிளாஸில் விட்டதும் அதனால்தான்.

பில்லின் ஒரு வரிக்கு, அதாவது பொருள், அளவு, விலைக்கு, தரவைச் சுமக்கவே உள்ள சிறு கிளாஸான ரெக்கார்ட் போதும். ஜாவா 16 முதல் இருக்கிறது. இரண்டு ஆப்ஜெக்ட்கள் சமமா என்று பார்க்கும் ஈக்வல்ஸ், அதற்கு இணையாக ஓர் எண் தரும் ஹாஷ்கோட் இரண்டும் தானாக வரும்.