நம் நாட்டு வீரர் எப்போது இறங்குவார்?

குளிர்கால விளையாட்டுகளில் சொந்த நாட்டு அணியைப் பின்தொடர்பவர்கள் போட்டி நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு உட்கார்ந்தால் பாதி நாள் ஏமாற்றம்தான். தொடக்கப் பட்டியலையும் முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வீரரின் மார்பு எண் (இறங்கும் வரிசையைக் காட்டுவது) என்ன என்று பார்த்துவிடுங்கள்.

ஆல்பைன் (மலைச்சரிவில் இறங்கும் பனிச்சறுக்கு) உலகக் கோப்பையில், கம்பங்களுக்கு இடையே வளைந்து இறங்கும் ஸ்லாலம், ஜெயண்ட் ஸ்லாலம் இரண்டுக்கும் இரண்டு சுற்று. முதல் சுற்றில் முதல் 30 இடம் பிடித்தவர்களுக்கே இரண்டாவது சுற்று, அதுவும் தலைகீழ் வரிசையில். அதாவது 28-ஆவதாக வந்த உங்கள் ஆள் இரண்டாவது சுற்றில் தொடக்கத்திலேயே இறங்கிவிடுவார், பத்து நிமிடம் தாமதமாகத் திரையைத் திறந்தால் அவர் போயே போய்விட்டார்! சின்ன அணி என்று விட்டுவிடாதீர்கள், 30-ஆவது இடத்துக்கும் ஒரு புள்ளி உண்டு, அந்த ஒரு புள்ளிக்காக நான் கத்தியிருக்கிறேன்.

பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த பயத்லானில் சுடும் இடம்தான் உயிர். 50 மீட்டர் தூரத்தில் ஐந்து கறுப்பு வட்டங்கள், குண்டு பட்டதும் வெள்ளையாக மாறும். ஒன்று கறுப்பாகவே நின்றால் ஸ்பிரிண்ட் என்ற குறுந்தூரப் போட்டியில் 150 மீட்டர் தண்டனைச் சுற்று, இண்டிவிஜுவல் என்ற நீண்ட போட்டியில் வழக்கமாக நேரத்தில் ஒரு நிமிடம் கூடும். அதனால் இண்டிவிஜுவலில் முன்னால் ஓடுகிறவரைப் பார்த்து மகிழ வேண்டாம், நேரப் பட்டியலைப் பாருங்கள்.

அப்புறம், காற்றோ மூடுபனியோ வந்தால் நேரம் தள்ளிப்போகும், காலையிலும் ஒருமுறை சரிபாருங்கள்.