சிறுவர் கபடிக்கு நடுவர் பழக்குகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கல் முடிந்த கையோடு மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி பக்கமெல்லாம் மின்னொளி கபடிப் போட்டி நோட்டீஸ் ஒட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ராத்திரி நடக்கும் பெரியவர்கள் ஆட்டத்துக்குப் பழுத்த நடுவர்கள் வந்துவிடுவார்கள். சாயங்காலம் நடக்கும் 16 வயதுக்கு உட்பட்ட பையன்கள், பிள்ளைகள் ஆட்டத்துக்குத்தான் ஆள் இருக்காது. முன்பு விளையாடிய ஒரு கல்லூரிப் பையன் கையில் விசிலைக் கொடுத்து "நீ பாத்துக்கப்பா" என்று விட்டுவிடுவார்கள். அந்தப் பையனை ஒழுங்காகப் பழக்கினால் சண்டையும் குறையும், அடிபடுவதும் குறையும். ஆனால் பழக்குகிற விதத்திலேயே பல கோளாறுகள் இருக்கின்றன.

முதல் கோளாறு, விதிப் புத்தகத்தைக் கையில் கொடுத்துப் படித்துவிட்டு வரச் சொல்வது. போனஸுக்கு எத்தனை பாயிண்ட், லோனாவுக்கு (எதிரணி முழுவதையும் அவுட்டாக்குவதற்கு) எத்தனை பாயிண்ட் என்று கேட்டால் பையன் சரியாகச் சொல்லிவிடுவான். களத்தில் இறங்கினால் எங்கே பார்ப்பது என்று தெரியாது. பாடிக்கொண்டு எதிர்க்களத்துக்குள் போகும் ரைடரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அதற்குள் காலில் நடந்தது போய்விடும். நடுவர் வேலையில் பாதி, எந்த நொடியில் எதைப் பார்ப்பது என்பதுதான். ரைடர் நடுக்கோட்டைத் தாண்டும்போது வாயில் "கபடி, கபடி" என்ற பாட்டு இருக்கிறதா, உள்ளே போனதும் அவர் தாண்டியாக வேண்டிய பாக் லைனைக் கால் தாண்டியதா, ஓரத்துக்குப் போனால் லாபியை (களத்தின் இரு ஓரப் பட்டைகளை) மிதித்தாரா, திரும்பும்போது யார் மேல் கை பட்டது என்று இந்த வரிசையில் கண் நகர வேண்டும்.

அடுத்தது நிற்கும் இடம். புதிதாக வருபவர் நடுக்கோட்டு முனையில் நட்ட கம்பாக நின்றுவிடுவார். சிறுவர் களத்தில் போனஸ் கோடு நடுக்கோட்டிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஒரு கால் அந்தக் கோட்டைத் தாண்டும்போது பின்கால் காற்றில் இருந்தால்தான் போனஸ். அங்கே பின்கால் தரையில் இருந்ததா, காற்றில் இருந்ததா என்று நடுக்கோட்டிலிருந்து பார்த்துச் சொல்லவே முடியாது. கோட்டுக்கு நேர் பக்கவாட்டில் நின்றால்தான் காலுக்கும் மண்ணுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி தெரியும். ஆகவே பக்கத்துக்கு ஒருவராக நிற்கும் அம்பயர் (கள நடுவர்) பக்கக் கோட்டுக்கு வெளியே ஒரு மீட்டர் தள்ளி, ரைடரோடு கூடவே நகர வேண்டும். ரைடர் திரும்பியதும் அவருக்கு முன்னால் நடுக்கோட்டுக்கு வந்துவிட வேண்டும். கடைசி விரல் எட்டியதா இல்லையா என்பது அங்கேதான் முடிவாகும்.

இரண்டு அம்பயர்களும் ஒரே இடத்தைப் பார்ப்பது இன்னொரு வீண். ரைடர் எந்தப் பக்க ஓரத்துக்குப் போகிறாரோ, அந்தப் பக்க அம்பயர் காலையும் கோட்டையும் பார்க்கட்டும். எதிர்ப்பக்க அம்பயர் கைகளையும், மற்ற பிடிப்பவர்கள் லாபிக்குள் கால் வைக்கிறார்களா என்பதையும் பார்க்கட்டும். இந்தப் பங்கீட்டை ஆட்டத்துக்கு முன்பே வாய்விட்டுப் பேசி முடித்துவிட வேண்டும்.

இதைப் பழக்க முழு ஆட்டம் வேண்டாம். ஒரு பையனை ரைடராகவும் ஆறு பேரை எதிரிலும் நிறுத்தி, நடந்தே 20 ரைடு போகச் சொல்லுங்கள். பழகுபவர் போனஸ் மட்டும் சொல்லட்டும். தொட்டது, பிடித்தது எதையும் அவர் கவனிக்கவே கூடாது. போனஸ் கோட்டுக்கு நேராகத் தரையில் ஒரு செல்போனை வைத்து வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் ஓட்டிப் பார்த்தால் எங்கே தவறினார் என்பது அவருக்கே தெரிந்துவிடும். அப்புறம் அதே 20 ரைடு வேகமாக. அதற்குப் பின் டச், கடைசியாக லாபி. நான்கையும் முதல் நாளிலேயே சேர்த்துக் கொடுத்தால் ஒன்றும் பதியாது.

விசில் விஷயத்தில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். வாலிபால், கால்பந்து பார்த்துப் பழகியவர்களுக்குத் தப்பு நடந்தால் உடனே விசில் ஊத வேண்டும் என்று கை துடிக்கும். கபடியில் அப்படி இல்லை. டச் ஆவதற்கு முன்பே ஒரு பிடிப்பவர் லாபியிலோ எல்லைக்கு வெளியிலோ கால் வைத்துவிட்டால் அவர் அவுட். ஆனால் ரைடு நிற்காது. "நம்பர் 5 அவுட்" என்று சத்தமாகச் சொல்லி அவரை வெளியே அனுப்ப வேண்டும், விசில் ஊதக் கூடாது. ஊதினால் என்ன ஆகும்? ரைடர் தளர்ந்து நிற்பார். விசிலைக் கவனிக்காத ஒருவர் அவரைப் பாய்ந்து பிடிப்பார். பிடி செல்லும் என்று ஒரு தரப்பும் செல்லாது என்று மறு தரப்பும் கோட்டுக்குள் இறங்கிவிடும். விசில் ஊதாமல் நம்பர் மட்டும் கூப்பிடும் பயிற்சியைத் தனியாக ஒரு அரைமணி நேரமாவது கொடுக்க வேண்டும்.

பிடி விழுந்த பிறகு விசில் தாமதமாவது இதற்கு நேர்மாறான தவறு. சின்னப் பையன்கள் ஆட்டத்தில் இது ஆபத்து. ரைடர் கீழே அமுங்கி அசைய முடியாத நிலைக்கு வந்துவிட்டால் அடுத்த நொடியே ஊத வேண்டும். ஒருவர் மேல் ஒருவராக ஐந்து பேர் விழும்வரை காத்திருந்தால் அடியில் கிடப்பவனின் கழுத்துக்கும் தோள்பட்டைக்கும்தான் கேடு. விசிலுக்குள் பட்டாணி உருளும் வகை, செம்மண் புழுதியில் சிக்கிக்கொண்டு சத்தம் வராமல் போகும். பட்டாணி இல்லாத விசில் இரண்டு வைத்துக்கொள்ளட்டும்.

லாபியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டச் அல்லது பிடி தொடங்கும்வரை லாபி களத்தில் சேராது. தொடங்கிய பின் சேரும். இதை எல்லோரும் ஒப்பிப்பார்கள், ஆட்ட வேகத்தில் மறந்துவிடுவார்கள். டச் ஆன நொடியில் "திறந்தாச்சு" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்ளப் பழக்குங்கள். தொடாமலே ரைடர் லாபியை மிதித்தால் ரைடர் அவுட். வெளியே போய் அவுட்டான பிடிப்பவரே ரைடரைப் பிடித்தால், ரைடர் அவுட் இல்லை. வெளியே போனவர் மட்டும்தான் அவுட். இந்தக் கடைசி நிலைமையை நடித்துக் காட்டாமல் வாயால் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. இரண்டு பையன்களை நிறுத்திச் செய்து காட்டுங்கள்.

போனஸில் மூன்று இடங்களில் தப்பு வருகிறது. எதிரணியில் குறைந்தது ஆறு பேர் களத்தில் இருந்தால்தான் போனஸ் உண்டு. ரைடு தொடங்கும் முன்பே அம்பயர் தலைகளை எண்ணிவிட வேண்டும். ரைடர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிய பிறகு எண்ணினால், அவசரத்தில் தப்பு வரும். அடுத்து, டச்சோ பிடியோ ஆன பிறகு கோட்டைத் தாண்டினால் போனஸ் கிடையாது. எது முதலில் நடந்தது என்பதை இரண்டு அம்பயரும் சேர்ந்துதான் சொல்ல முடியும். மூன்றாவது, போனஸ் எடுத்த பிறகு ரைடர் பிடிபட்டால் இரண்டு அணிக்கும் ஆளுக்கு ஒரு பாயிண்ட். போனஸை முதலில் எழுத வேண்டும். புதியவர்கள் பிடித்த அணிக்கு மட்டும் கை காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஸ்கோர் மேசையில் கிடைத்த ஆளை உட்கார வைப்பது பெரிய தவறு. அம்பயரைப் பழக்குவதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியாவது ஸ்கோரருக்கும் அவருடைய இரண்டு உதவியாளர்களுக்கும் வேண்டும். எதிரணியில் ஒருவர் அவுட்டாகும்போது, ஏற்கெனவே அவுட்டானவர்கள் அவுட்டான வரிசைப்படிதான் உள்ளே வர முடியும். கடைக்கோட்டுக்குப் பின்னால் ஆளுக்கொரு பக்கம் உட்காரும் உதவியாளர் அந்த வரிசையை எழுதிவைக்காவிட்டால், நல்ல ரைடர் முந்திக்கொண்டு உள்ளே ஓடிவிடுவார், யாருக்கும் தெரியாது. போனஸ், டெக்னிக்கல் (எதிரணி விதி மீறியதற்குக் கிடைப்பது), லோனா பாயிண்டுகளுக்கு யாரும் உள்ளே வர முடியாது. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்து ரைடரைப் பிடித்தால் சூப்பர் டேக்கிள்; இரண்டு பாயிண்ட், ஆனால் உள்ளே வருவது ஒரே ஆள். ஸ்கோரருக்கு இந்த மாதிரிப் பத்துக் கணக்குகள் கொடுத்துப் பாருங்கள்: இரண்டே பேர் மிச்சமிருக்கும் அணியில் ரைடர் இருவரையும் தொட்டுத் திரும்பினால் மொத்தம் எத்தனை? தொட்டதற்கு 2, லோனாவுக்கு 2, ஆக 4. ஒருவர் மட்டுமே மிச்சமிருந்து, அவர் ரைடு போய்ப் பிடிபட்டால்? எதிரணிக்கு 1 கூட்டல் 2, ஆக 3. லோனா வாங்கிய அணி 10 விநாடிக்குள் முழுதாக உள்ளே வந்துவிட வேண்டும். பத்துக் கணக்கையும் தடுமாறாமல் போடுபவரை மட்டும் மேசையில் உட்கார வையுங்கள்.

ரைடுக்கு 30 விநாடி. அம்பயர் கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுக்காதீர்கள். அவர் கண் கடிகாரத்துக்குப் போனால் கால் தப்பிவிடும். மேசையில் ஒருவர் செல்போனோடு அந்த வேலையை மட்டும் பார்க்கட்டும், கடைசி ஐந்து விநாடியைச் சத்தமாக எண்ணட்டும்.

பாட்டு கேட்காமல் போவதற்கு நம் ஊரில் ஒரு தனிக் காரணம் உண்டு: கூம்பு ஒலிபெருக்கி. வர்ணனையாளர் ரைடு முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பார். "கபடி, கபடி" என்று பாடிக்கொண்டுதான் எதிர்க்களத்தில் கால் வைக்க வேண்டும். தாமதமாகத் தொடங்கினால் திருப்பி அனுப்பி, எதிரணிக்கு ஒரு டெக்னிக்கல் பாயிண்டும் ரைடும் கொடுக்க வேண்டும். எதிர்க்களத்தில் பாட்டு விட்டுப்போனால் அவுட். காதில் விழாததற்கு எப்படித் தீர்ப்புச் சொல்வது? ஒலிபெருக்கியின் வாயைக் களத்துக்கு எதிர்ப்புறம் திருப்பிக் கட்டச் சொல்லுங்கள். ரைடு நடக்கும்போது மைக் அமைதியாக இருக்க வேண்டும் என்று விழாக் கமிட்டியிடம் முன்பே கேட்டு வாங்குங்கள்.

களத்தை வேறு யாரோ கோடு போட்டுவைக்க, நடுவர் நேராக ஆட்டத்துக்கு வருவதும் சரியில்லை. சப்-ஜூனியர் (16 வயதுக்கு உட்பட்டோர்) களம் 11 மீட்டருக்கு 8 மீட்டர். இந்த 8 மீட்டருக்குள்ளேயேதான் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மீட்டர் லாபி. பலர் லாபியை வெளியே சேர்த்துப் போட்டுக் களத்தை 10 மீட்டர் அகலமாக்கிவிடுகிறார்கள். பிடிப்பவர்கள் கைகோத்துச் செயின் போட முடியாமல் திணறுவார்கள். பாக் லைன் நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டர், போனஸ் கோடு அதிலிருந்து இன்னும் 1 மீட்டர். கோட்டின் தடிமன் 3 முதல் 5 சென்டிமீட்டர். நான்கு மூலையிலும் ஆணி அடித்துக் கயிறு கட்டியபின் குறுக்கு மூலைகளை அளந்து பாருங்கள். இரண்டும் 13.60 மீட்டர் வந்தால் களம் கோணலாக இல்லை. பழகுபவர் கையாலேயே ஒரு தடவையாவது கோடு போட வையுங்கள். சுண்ணாம்புக் கோடு இரண்டு ஆட்டத்திலேயே கலைந்துவிடும், அதிலும் நடுக்கோடு முதலில் போய்விடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் மறுபடி போட வேண்டும். கண்மாய்ப் பொட்டலாக இருந்தால் சல்லியைப் பொறுக்கி, புழுதி அடங்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்தால் போதும். சேறானால் வழுக்கும்.

ஆட்டத்துக்கு முன் பையன்களை வரிசையாக நிறுத்திச் சோதிப்பதைச் சிலர் சடங்காக நினைக்கிறார்கள். அதை விட்டுவிடாதீர்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும். நகவெட்டி ஒன்று நடுவர் பையிலேயே இருக்கட்டும். உடம்பில் எண்ணெய் பூசியிருக்கக் கூடாது. கையில் வெள்ளிக் காப்பு, கழுத்தில் செயின், அரைஞாணில் தாயத்து எல்லாம் கழற்றப்பட வேண்டும். கோயில் கயிற்றைக் கழற்ற வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள் என்றால் அதில் உலோகம் ஏதும் இல்லை என்று பார்த்து, மேலே துணி நாடா சுற்றிவிடச் சொல்லலாம்.

ஆபத்தான பிடிகளைப் படம் பார்த்துத் தெரிந்துகொண்டால் போதாது. காலால் கத்தரி போடுவது, வாயைப் பொத்திப் பாட்டை நிறுத்துவது, கழுத்தை நெரிப்பது, முடியையோ சட்டையையோ வேண்டுமென்றே பிடித்து இழுப்பது, இவற்றை மெதுவாகச் செய்து காட்டி, பழகுபவர் பார்த்த கணத்திலேயே விசில் ஊதும் அளவுக்குப் பழக்க வேண்டும். இப்படிப் பிடித்தால் ரைடர் அவுட் இல்லை. பச்சை அட்டை எச்சரிக்கை, மஞ்சள் என்றால் 2 நிமிடம் வெளியே, சிவப்பு என்றால் ஆட்டத்தை விட்டே வெளியே. சின்னப் பையன்தானே என்று அட்டையைக் காட்டாமல் நான்கு தடவை வாயால் எச்சரித்தால் ஐந்தாவது தடவை அடுத்தவன் கை முறியும்.

புரோ கபடியை டிவியில் பார்த்துவிட்டுப் பையன்கள் ரிவியூ (வீடியோவை ஓட்டிப் பார்த்துத் தீர்ப்பைச் சரிபார்ப்பது) கேட்பார்கள். அது கிடையாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். தேர்டு ரைடு விதி (தொடர்ந்து இரண்டு ரைடு பாயிண்ட் இல்லாமல் போனால் மூன்றாவதில் பாயிண்ட் எடுத்தாக வேண்டும், இல்லையேல் ரைடர் அவுட்) உண்டா, சூப்பர் டேக்கிள் உண்டா, நேரம் 15-5-15 நிமிடமா, அணிகள் அதிகம் என்பதால் 10-5-10 ஆகக் குறைத்திருக்கிறீர்களா என்பதை இரு கேப்டன்களையும் கூப்பிட்டு, பயிற்சியாளர்கள் காதுபடச் சொல்லுங்கள். பாதி ஆட்டத்தில் சொல்லும் விதி யாருக்கும் ஒப்பாது.

தீர்ப்புச் சொல்லும் குரலைப் பற்றி யாரும் கற்றுத்தருவதில்லை. எல்லோரும் மாமன் மச்சானாக இருக்கும் ஊரில் அதுதான் மிகக் கடினம். "அண்ணே, டச்சே இல்லண்ணே" என்று பையன் கெஞ்சுவான். "நம்பர் 4 அவுட். போய் உட்காரு தம்பி" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். விளக்கம் சொல்லத் தொடங்கினால் விவாதம் தொடங்கும். எந்த நிலையிலும் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு: "நெஜமா பட்டுச்சாப்பா?" பன்னிரண்டு வயதுப் பையனிடம் இதைக் கேட்டால், உண்மை சொன்னால் சொந்த அணி திட்டும், பொய் சொன்னால் எதிரணி திட்டும். அந்தச் சுமை அவனுக்கு வேண்டாம். இரு அம்பயர்களுக்கும் கருத்து வேறுபட்டால் தலைமை நடுவரான ரெஃப்ரி சொல்வதே முடிவு. கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துத் தீர்ப்பு மாற்றுவதைப் பயிற்சியிலேயே கண்டித்து நிறுத்துங்கள். சோழவந்தான் அணி ஆடினால் திருமங்கலத்துப் பையனை நிறுத்துங்கள். சொந்த ஊர் ஆட்டத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, பழகுபவரை ஒரேயடியாகத் தனியே இறக்குவது. முதலில் சில ஆட்டங்கள் உதவி ஸ்கோரர், அப்புறம் ஸ்கோரர், அதன்பின் எதிர்ப்பக்கம் அனுபவமுள்ளவர் நிற்க ஒரு பக்க அம்பயர் என்று ஏற்றிக்கொண்டு போங்கள். இறுதிப் போட்டியை முதல் சீசனில் கொடுக்க வேண்டாம். அவர் தப்பாக ஊதினால் வெளியிலிருந்து கத்தித் திருத்தாதீர்கள். அந்த நிமிடமே இரண்டு அணியும் அவரை மதிப்பதை நிறுத்திவிடும். ஸ்கோர் மேசைக்குப் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து நிமிடத்தையும் நடந்ததையும் குறித்துக்கொள்ளுங்கள். இடைவேளையின் ஐந்து நிமிடத்தில் நிற்கும் இடத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லுங்கள். மிச்சத்தை ஆட்டம் முடிந்து, விளக்கின் அடியில் வீடியோவை ஓட்டிக்கொண்டு, இருவர் மட்டும் இருக்கும்போது பேசுங்கள்.